நான்காவது வந்தால்

சில்லறை மந்திரங்களை யாரும் மதிப்பதில்லை. மந்திரவாதி என்றால் மலையைப் பிளக்க வேண்டும், நெருப்பு மழை பொழிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே சின்ன மந்திரங்கள்மேல்தான் கண். மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம், ஆறிப்போன காப்பியைச் சூடாக்குவது, சட்டைக் கறையை எடுப்பது, தூரத்தில் இருப்பவர் காதில் ஒரு வார்த்தை சொல்வது. பெரிய மந்திரத்துக்கு விதி எழுதுவது சுலபம். அது ஒரு தடவை வெடித்துவிட்டு ஓய்ந்துவிடும். சின்ன மந்திரம் வீட்டோடு தங்கிவிடும். அதற்குத்தான் பார்த்துப் பார்த்து விதி எழுத வேண்டும். நான் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொரட்டூரில் என் வீட்டு ஹாலில் மேஜையைச் சுற்றி உட்கார்வோம். ஒருத்தர் கதையை நடத்த வேண்டும், அது நான். மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, குகைக்குள் நுழைகிறேன், கதவை உடைக்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். வாய்தான் எல்லாம் என்பதால் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். மேஜையில் சொன்னால் சொன்னதுதான், வாபஸ் கிடையாது. ஒரு தடவை லோகேஷ் வெட்டிப் பேச்சாக "நான் கெணத்துல குதிக்கிறேன் போ" என்றான். அவனுடைய வீரனை அன்று முழுக்கக் கிணற்றுக்குள்ளேயே உட்காரவைத்தேன்.

லோகேஷ் கீழ்வீட்டுக்காரன், பக்கத்து ஊரான பாடியில் ஜிம் நடத்துகிறான். யூசுப் என்னோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவன். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. மேஜையில் மூன்றாவது ஆள் என் மாமனார் தங்கராஜ். என் கணவன் பிரசன்னா ஆடமாட்டான். ஞாயிறு மத்தியானம் தூங்குவதற்காகப் படைக்கப்பட்டது என்பது அவன் கட்சி.

மாமா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். மாமியார் போனபிறகு, ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தார். கொஞ்ச நாள் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு நாங்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்தார். அப்புறம், "எனக்கும் ஒரு மந்திரவாதிய குடும்மா" என்றார். அவருடைய மந்திரவாதி ஒரு பெரிய மந்திரத்தைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. எதிரே பூதம் வந்து நின்றால், "பாவம், ரொம்ப தூரம் நடந்து வந்துகினு கீது. அதுக்கு ஒரு டீய சூடு பண்ணிக் குடுக்கிறேன்" என்பார். பகடையும் அவருக்குத்தான் விழும். பூதம் உட்கார்ந்து டீ குடிக்கும். எனக்கு அப்பா கிடையாது, சின்ன வயதிலேயே போய்விட்டார். மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாசல் பெயர்ப்பலகையும் அவர் கைவேலைதான். பித்தளைத் தகட்டில் ஆழமாக வெட்டியிருந்தார். மேலே கார்த்திகா, கீழே த. பிரசன்னா. ஆம்பளை பேர் கீழேயா என்று என் அம்மா முகத்தைச் சுளித்தாள். "இந்த ஊட்டுக்கு மொதல்ல வந்தவ கார்த்திகாதானே சம்பந்திம்மா, அப்பறம்தான் இவன் வந்தான்" என்றார் மாமா. உண்மைதான், கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கிக் குடிவந்த வீடு. உங்கள் பேர் எங்கே மாமா என்று கேட்டதற்கு, "அதான் அவன் பேருக்கு முன்னாடி ஒத்த எழுத்தா குந்திகினு கீறனே, போதாதா?" என்று சிரித்தார்.

ஹால் சுவரில் மூன்று பல்லிகள் இருந்தன. வேலை பார்த்த இடத்து ஞாபகத்தில் அவற்றுக்கும் மாமா பேர் வைத்திருந்தார். வால் அறுந்தது ஃபோர்மேன், அதுதான் முதலில் வந்தது. குண்டாக இருப்பது மேனேஜர். எப்போதும் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது சூப்பர்வைசர்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு கரண்ட் போய்விட்டது. எனக்கு அப்போது வயிறு மேடு தட்டியிருந்தது, உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. மாமாவின் மந்திரவாதி குகை முழுக்க விளக்கு போட்டுக்கொண்டே போனார். லோகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து தூபம் போட்டான். "அண்ணாத்தே, அந்த மூலைல ஒண்ணு. இந்தாண்ட ஒண்ணு." இருட்டே இல்லாத குகையில் நான் எந்தப் பேயைக் கொண்டுவந்து நிறுத்துவது? அதோடு விட்டார்களா, மந்திரத்தில் இட்லி வரவழைத்து மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மாதக் கணக்கில் பசியே இல்லாமல் பாலைவனத்தைக் கடக்கப் போகிறார்களாம். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"போதும்" என்று மேஜையைத் தட்டினேன். "கேட்டுக்கோங்க. சில்லறை மந்திரத்துல வந்தது எதுவா இருந்தாலும் ஒரே நேரத்துல மூணுதான் இருக்கலாம். நாலாவது வந்தா, முதல்ல வந்தது போயிடும்."

யூசுப் உடனே ஓட்டை தேடினான். "முதல்ல வந்ததை வெச்சுக்கணும், வேற ஒண்ணைக் கழிக்கணும்னா?"

"மந்திரம் போட்டவங்க அதைப் பார்த்து 'போ'ன்னு சொல்லணும். நாலாவது வர்றதுக்கு முன்னாடி சொல்லணும். அவங்க வாயால சொன்னாத்தான் செல்லும்."

"அப்ப துன்ன இட்லி?" என்றான் லோகேஷ்.

"போனது தடம் விடாது. இட்லி போச்சுன்னா வயிறும் காலி, தின்ன ஞாபகமும் காலி. போட்டவங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்."

"இன்னாக்கா, அநியாயமா கீதே!"

"இந்த வீட்டுல இனிமே இதுதான் ரூல்" என்றேன்.

சொல்லி முடித்த அந்த நொடியில் ஃபோர்மேன் பல்லி சத்தம் கொடுத்தது. மற்ற இரண்டும் கூடவே கொடுத்தன. மூன்றும் ஒரே குரலில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்களே, அந்தப் பழக்கத்தில் மாமா ஆள்காட்டி விரலால் மேஜையை டொக் டொக்கென்று தட்டினார். மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எதிர்வீட்டில் அப்போதும் விளக்கு வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலில் போனது டம்ளர். காப்பிக்கென்று எங்களிடம் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. ஒன்று நான் தனியாக இருந்தபோது வாங்கியது, அடியில் லேசாக நசுங்கியிருக்கும். அம்மா கரூரிலிருந்து குழந்தைக்கென்று ஒரு குட்டி வெள்ளி டம்ளர் அனுப்பினாள். அதைப் பிரித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை என் நசுங்கல் டம்ளரைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பிரசன்னா விசித்திரமாகப் பார்த்தான். "நம்மகிட்ட ரெண்டு டம்ளர்தானே கார்த்தி? எப்பவும் நீ மக்-லதானே குடிப்ப?" எனக்கு மக்கில் காப்பி குடித்தால் குமட்டும். மாசமாக இருக்கும்போது மறதி வரும் என்று அவனே சமாதானமும் சொன்னான். மறதி எனக்கா உனக்கா என்று கேட்க வாய்வரை வந்தது.

அப்புறம் ஒரு குட்டிப் பல்லி வந்தது. நகத்தளவுதான் இருக்கும், உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. ஜன்னல் வழியாக நுழைந்து சுவரில் ஏறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி ஃபோர்மேனைத் தேடினேன். காலண்டருக்கு மேலே அது எப்போதும் இருக்கும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

"மாமா, ஃபோர்மேன் எங்க?"

பேப்பரிலிருந்து தலை நிமிர்ந்தார். "எந்த ஃபோர்மேனு?"

"பல்லி மாமா. வால் அறுந்தது. நீங்கதானே பேர் வெச்சீங்க?"

"வால் அறுந்த பல்லியா? நம்மூட்ல அப்படி ஏதுமா? மேனேஜரு, சூப்பர்வைசரு, இதோ இந்தப் பொடிசு, மூணுதான் கீது" என்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. பேர் வைத்தவருக்கே ஞாபகமில்லை. எனக்கு மட்டும் இருக்கிறது. விதியை மேஜையில் சொன்னவள் நான்தான்.

அடுத்த ஞாயிறே மேஜையில் சொன்னேன். "அந்த மூணு மந்திர ரூலை எடுத்துடறேன். எத்தனை வேணா இருக்கலாம்." லோகேஷ் கைதட்டினான், யூசுப் தோளைக் குலுக்கினான், மாமா ஏன் என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்று பல்லிகளும் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பிரசன்னா மழைக்குப் பயந்து நாலாவதாக ஒரு குடை வாங்கி வந்தான். வாசல் ஆணியில் அதை மாட்டிவிட்டுக் கையை எடுத்தபோது என் பழைய நீலக் குடை அங்கே இல்லை. போட்ட கட்டுப்பாடு எங்களுடையதுதான், சொன்னால் சொன்னதுதான், வாபஸ் கிடையாது.

நசுங்கிய டம்ளர் போனால் போகட்டும். குடை போனால் போகட்டும். அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்தபோது கை நின்றுவிட்டது. மூன்று தட்டு. பிரசன்னா, மாமா, நான். நாலாவது என் வயிற்றுக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு மாமாவைப் பற்றித்தான் பயம் வந்தது. மூன்று பேரில் மூத்தவர் அவர். பேரன் வரும் நேரத்தில் தாத்தா போவதை ஊரில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், மாடிப்படி ஏறவேண்டாம் என்றேன், உப்பைக் குறைத்தேன். "இன்னாமா, என்ன குத்துயிரும் கொலையுயிருமா கீறவன் மாதிரி நடத்துற?" என்று அலுத்துக்கொண்டார்.

தாங்க முடியாமல் ஆபீஸ் கேன்டீனில் யூசுப்பிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஓட்டை தேடுகிறவனிடம் இது ஒரு வசதி, எதைச் சொன்னாலும் முதலில் விதியைத்தான் பார்ப்பான். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான்.

"நீ மூத்தவங்கன்னு சொல்லலியே" என்றான். "முதல்ல வந்ததுன்னுதான் சொன்ன. அந்தப் பல்லிகூட வயசுல மூத்ததா என்னன்னு யாருக்குத் தெரியும்? அதுதான் முதல்ல வந்தது. உன் வீட்டுக்கு முதல்ல வந்தது யாரு?"

எனக்குப் பித்தளைப் பலகை கண்முன்னே வந்து நின்றது. யூசுப்புக்கும் வந்திருக்க வேண்டும். டீயை அப்படியே வைத்துவிட்டான்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடு என்றான். வளைகாப்பு முடிந்ததும் கரூருக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் நான் கிளம்பிவிட்டால் வீட்டில் முதலில் வந்தவன் என்று மிஞ்சுவது பிரசன்னா. குழந்தையோடு நான் திரும்பி வாசல்படி ஏறும்போது அவன் இருக்கமாட்டான். குழந்தைக்கு அப்பா என்று ஒருத்தன் இருந்ததே யாருக்கும் தெரியாது. வேறு வீடு பார்க்கலாமென்றால், நாங்கள் மூன்று பேர் போகிற இடம்தானே வீடு, அங்கேயும் குழந்தை நாலாவதாகத்தான் வந்து சேரும். யூசுப்பும் நானும் எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த விதி ஒழுகவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

கரூருக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள், பிரசன்னா ஆச்சரியப்பட்டான். காரணம் சொல்லிப் பார்த்தேன். அவன் என் தலையைத் தடவி, டாக்டரிடம் பேசலாம் என்றான். அதற்குமேல் அவனிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் நான் தேய ஆரம்பித்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தினமும் எனக்குக் கேட் திறந்துவிடும் வாட்ச்மேன் துலுக்கானம் ஒருநாள் குறுக்கே வந்து நின்று, "எந்த ஊட்டுக்குமா போவணும்?" என்றார். பேரைச் சொன்னதும் சங்கடப்பட்டு வழிவிட்டார். ஆபீஸ் வாசலில் என் விரல் ரேகையை மெஷின் ஏற்க மறுத்தது. பிரசன்னா காலையில் இரண்டு காப்பி மட்டும் கலந்து எடுத்துவந்தான், ஒன்று அவனுக்கு, ஒன்று மாமாவுக்கு. எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து ஒரு கணம் விழித்து, "அய்யோ சாரி" என்று மறுபடி அடுப்படிக்கு ஓடினான். அந்த ஒரு கணத்தில் அவன் கண்ணில் நான் யாரோ. கட்டிய புருஷன் என்னை அப்படிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

மாமாவுக்குத் தெரிந்தது பெயர்ப்பலகையால்தான். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். அன்று தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கட்டைவிரலை என் பேர்மேல் வைத்து வருடினார்.

"நான் வெட்டுன ஆழம் எனக்குத் தெரியாதா? அவன் பேரு அப்படியே கீது, உன் பேரு மட்டும் இன்னாத்துக்கு மழுங்கிகினு வருது?"

நான் உள்ளே போய்விட்டேன். அவர் என்னைத் துருவவில்லை, போனை எடுத்துக்கொண்டு யூசுப்பைக் கேட்டுவிட்டார். அவன் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். மறுநாள் காலை மாமா பையோடு நின்றார். திருநின்றவூரில் கஜபதி இருக்கிறார், கூட லேத் ஓட்டியவர், ஏரிப் பக்கம் வீடு, ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று மகனிடம் சொன்னார். என்னிடம் மெதுவாக, "நான் போயிட்டா மூணு பேருதானே? கணக்கு சரியாப்பூடும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்மா" என்று படி இறங்கினார். சரி, யாரும் எங்கேயும் மறையவேண்டாம், எலெக்ட்ரிக் டிரெயினில் போய்வரும் தூரத்தில் இருப்பார் என்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

மறுநாள் பிரசன்னா இரண்டு காப்பி கொண்டுவந்தான். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை மாமாவின் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தான். என் முன்னால் ஒன்றுமில்லை. இந்தத் தடவை அவன் சாரிகூடச் சொல்லவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, நீங்க இன்னும் போகல."

"இங்கதானே கீறேன், ஏரிக்கரைல."

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க? வரவேண்டியவர் கணக்குல இருப்பாரு மாமா."

வெகுதூரத்தில் டிரெயின் போகும் சத்தம் மட்டும் கேட்டது. போறேன் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டிலிருந்து யார் கிளம்பியிருக்கிறார்கள்? அந்தச் சொல்லே நம் வாயில் வராது. அப்படியே அவர் சொல்லியிருந்தாலும் செல்லாது. போட்டவள் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று யூசுப் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்லியிருந்தேன்.

"அப்ப நீ சொல்லணும்" என்றார் மாமா.

போனை வைத்துவிட்டேன். அப்புறம் அவர் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

வலி ஒரு காலை நேரத்தில், பால் பொங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பிரசன்னா காரை எடுக்கக் கீழே ஓடினான். ஓடும்போது லோகேஷிடம், "மேல ஒரு லேடிக்கு வலி வந்துடுச்சு" என்று கத்தியது என் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமா நின்றுகொண்டிருந்தார். நான் போனை எடுக்காததால் முதல் வண்டியில் வந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் வியர்வை. அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேரில் கடைசி எழுத்தின் கால் மட்டும் கீறலாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் வெறும் பித்தளை.

"சொல்லு" என்றார்.

"மாட்டேன்."

"டைம் இல்ல கார்த்திகா, சொல்லு. கொயந்தைக்கு அம்மா வோணும். தாத்தா இல்லாத புள்ளைங்க ஊர்ல எவ்ளோ கீது, எல்லாம் நல்லாத்தான் கீதுங்க."

"உங்களுக்குப் புரியல மாமா. தடமே இருக்காது. நீங்க இருந்ததே யாருக்கும் தெரியாது. உங்க பையனுக்கே தெரியாது."

"அந்த ரூல நீ சொன்னப்ப எதிர்ல குந்திகினு இருந்தவன் நானு. எல்லாம் தெரியும்." சிரிக்கப் பார்த்தார். "பூதத்துக்கு டீ போட்டவன்மா நான். எங்க போனாலும் பொழச்சிப்பேன்."

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இந்த நேரத்திலும் விளையாட்டா! திட்ட வாயெடுத்தேன், வலி சுருட்டிப் பிடித்தது. வாசல் நிலையைப் பிடித்திருந்த என் கை எனக்கே மங்கலாகத் தெரிந்தது, கைக்குப் பின்னால் இருந்த மரத்தின் கோடுகள் தெரிந்தன. குட்டிப் பல்லியின் உடம்பு ஞாபகம் வந்தது. கீழே கார் ஹாரன் அடித்தது.

"சொல்லுடி!" என்று மாமா கத்தினார். ஒரு நாளும் என்னை அவர் டி போட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "எம் புள்ளையும் பேரனும் அநாதையா நிக்கணுமா? சொல்லு!"

"போங்க மாமா" என்றேன்.

வீட்டுக்குள்ளே மூன்று பல்லிகளும் ஒரே குரலில் சொல்லின. பழக்க தோஷத்தில் மாமா விரலை நீட்டி நிலையைத் தட்டினார். நான் தாங்கமுடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். டொக் என்று ஒரு தடவை கேட்டது. இரண்டாவது தட்டு கேட்கவில்லை.

பிரசன்னா படியேறி ஓடிவந்தான். "கார்த்தி! கார்த்திம்மா, ஏன் எழுந்து வந்த?" என் முகத்தை முகமாகப் பார்த்தான், என் கையை என் கையாகப் பிடித்தான். பூட்டுப் போடப் போனவனிடம், உள்ளே யாராவது இருக்கிறார்களா பார் என்றேன். "யாரு இருக்காங்க? நீயும் நானும்தானே" என்றான்.

பையன் பிறந்தான். மயக்கம் தெளிந்ததும் தெரியாத்தனமாக, அப்பாவுக்குச் சொல்லிவிட்டாயா என்று பிரசன்னாவிடம் கேட்டேன்.

"உங்க அப்பாவா? கார்த்தி, அவர் போய் எவ்ளோ வருஷமாச்சு."

"உன் அப்பா."

"எனக்கு ஏது அப்பா? அம்மா ஒத்தையாத்தான வளர்த்தாங்க, உனக்குத் தெரியாதா?" அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் தையல் பிரிந்துவிடும்போல அழுகை வந்தது. உடம்பு அசதி என்று நர்ஸ் போர்த்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு யூசுப்பும் லோகேஷும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். யூசுப்பை நான் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேன்டீனில் டீயை வைத்த கை, எல்லாவற்றையும் சேர்ந்து யோசித்த மூளை, அதில் ஒரு நிழல்கூட இல்லை. லோகேஷ் மேஜையைத் தடவிக்கொண்டே, "எப்பக்கா மறுபடி ஆடலாம்? நம்ம டீம்ல வீரன் கீறான், திருடன் கீறான், ஒரு மந்திரவாதிதான் இல்ல. ஒருத்தரப் புடிக்கணும்" என்றான். பார்க்கலாம் என்றேன். போயிட்டு வரோம்க்கா என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

அவர்களை வழியனுப்பக் குழந்தையோடு வாசலுக்குப் போனேன். பிரசன்னா பெயர்ப்பலகை முன்னால் நின்றிருந்தான். கார்த்திகா என்ற பேர் நேற்று வெட்டியதுபோல ஆழமாக இருந்தது. அவன் தன் பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த 'த' எதுக்கு?" என்றான்.

அந்த எழுத்து அப்படியே இருந்தது. தடம் விடாது என்று எழுதியிருந்தேன். ஆனால் அந்த எழுத்து மாமாவின் பேரில் இல்லை, மகன் பேரில் இருக்கிறது. மகன் போகவில்லையே. என் விதியில் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. யூசுப்புக்கும் எனக்கும் கண்ணில் படாத ஓட்டை.

"நீ சொல்லு, உன் பேர்தானே."

"தெரியல. ஸ்கூல்ல இருந்தே போட்டுட்டு வரேன். ஏதாவது ஊர் பேரா இருக்கும்." கட்டைவிரலால் அந்த எழுத்தை வருடினான், மாமா வருடுவாரே, அதேபோல. "பையனுக்குப் பி-தானே வரும் இனிஷியல்? இது என்னோட முடிஞ்சிடும்."

"பேரே அதுல ஆரம்பிக்கட்டும்" என்றேன். "தங்கராஜ்னு வைக்கலாம்."

"தங்கராஜா?" என்று பிரசன்னா சிரித்தான். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டான். "ரொம்பப் பழைய பேரா இருக்கே கார்த்தி. யாரு அது?"